பிறகு மாற்றிக்கொள்ளலாமா? சின்ன டெஸ்க்டாப் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

"இப்போதைக்கு 8 ஜிபி போதும் சார், தேவைப்பட்டா பின்னாடி ஏத்திக்கலாம்." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆனாலும் சரி, கோவையிலோ மதுரையிலோ ஒரு கடையில் ஆனாலும் சரி, கம்ப்யூட்டர் விற்பவர் வாயில் தவறாமல் வரும் வாக்கியம் இது. முழங்கால் உயரக் கேபினட்டை மேசைக்கு அடியில் வைத்திருந்த நாட்களில் இதை அப்படியே நம்பலாம். உள்ளே காலி ராம் ஸ்லாட் இருக்கும், இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் இருக்கும், எஸ்எம்பிஎஸ் போனால் பக்கத்துக் கடையில் வேறு கிடைக்கும். டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருங்கிவிட்ட இன்றைய டெஸ்க்டாப்பில் அதே வாக்கியம் சில பெட்டிகளுக்கு உண்மை, சிலவற்றுக்குப் பாதி உண்மை, சிலவற்றுக்கு முழுப் பொய். எது எந்த ரகம் என்பது வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

எல்லாவற்றையும் மாற்றும் வசதி இருக்கும் பெட்டிதான் நல்ல பெட்டி என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாங்கிய பிறகு வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் உண்மையில் மாற்றப்படுவது இரண்டே பொருள்: ராம், எஸ்எஸ்டி. ப்ராசஸரை மாற்றலாம் என்று பேசுவார்கள். மாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. நான்கு வருடம் கழித்து அந்தச் சாக்கெட்டுக்குப் பொருந்தும் ப்ராசஸர் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் காசையும் பழைய பெட்டியை விற்றுவரும் காசையும் சேர்த்தால் அடுத்த தலைமுறைப் பெட்டியே வந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு வேறு கதை. அதற்கு இடமும் மின்சாரமும் வேண்டும் என்பதால் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. ஆகவே "எத்தனை பாகம் மாற்றலாம்" என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இந்த இரண்டும் திறந்திருக்கின்றனவா, திறந்திருப்பதற்கு எவ்வளவு அதிகம் கேட்கிறார்கள், அது கொடுக்கத்தக்க விலையா என்பதே கேள்வி.

இரண்டுக்கும் ஒரே மதிப்பும் கிடையாது. ராம் சாதாரணமாகத் தேய்வதில்லை, போதாமல்தான் போகும். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் பொருள். போதாமலும் போகும், செத்தும் போகும். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ஸ்டோரேஜ் செத்தால் போர்டு முழுக்க மாற்ற வேண்டும், மலிவுப் பெட்டியில் அதற்குப் பெயர் குப்பைத்தொட்டி. விலை குறைந்த மினி பிசி சிலவற்றில் 64 அல்லது 128 ஜிபி 'இஎம்எம்சி' என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் இப்படி ஒட்டிவிட்ட சரக்கு. அதோடு எஸ்எஸ்டி செருகக் காலியாக ஒரு எம்.2 ஸ்லாட்டாவது இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஸ்டோரேஜ் திறந்திருக்க வேண்டும், இதில் பேரம் இல்லை. ராமில் பேரம் உண்டு.

ஒட்டிய பெட்டி: மேக் மினியை வைத்துப் பார்ப்போம்

பற்றவைத்த பெட்டிகளில் நியாயமாகப் பேசத்தக்கது ஆப்பிளின் மேக் மினி. 2005 ஜனவரியில் 499 டாலருக்கு வந்தபோது அது ஆப்பிளின் மிக மலிவான கம்ப்யூட்டர். 2010-இல் வந்த அலுமினிய மாடலின் அடியில் வட்டமான கறுப்பு மூடி ஒன்று இருக்கும். இரண்டு கட்டை விரலால் அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும், உள்ளே ராம். 2012 மாடல் வரை இந்தச் சௌகரியம் இருந்தது. 2014-இல் ராமைப் போர்டில் பற்றவைத்தார்கள். 2018-இல் மறுபடி கழற்றும் ராம் வந்தது, ஆனால் போர்டை வெளியே எடுத்தால்தான் கை எட்டும்; எஸ்எஸ்டி இந்த முறை ஒட்டிக்கொண்டது. 2020-இல் எம்1 வந்ததும் ராம் ப்ராசஸரின் பக்கத்திலேயே, அதே பொதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதோடு கதவு சாத்தியாயிற்று.

2024 கடைசியில் எம்4 மினி வந்தபோது இந்தியாவில் 16 ஜிபி ராம், 256 ஜிபி ஸ்டோரேஜ் கொண்ட அடிப்படை மாடலின் விலை 59,900 ரூபாய். ஸ்டோரேஜை 512 ஆக்கினால் 79,900. அதோடு ராமை 24 ஆக்கினால் 99,900. அதாவது 8 ஜிபி ராமுக்கும் 256 ஜிபி ஸ்டோரேஜுக்கும் சேர்த்து 40,000 ரூபாய். பெட்டியின் அடிப்படை விலையில் மூன்றில் இரண்டு பங்கு. அப்போது சந்தையில் அதே அளவு எஸ்எஸ்டி இதில் சிறு பகுதிக்குத்தான் விற்றது. அடிப்படை மாடல் அந்த விலைக்குச் சிறந்த பொருள், மேலே கேட்கும் ஒவ்வொரு படியும் மோசமான பேரம் என்பது என் கருத்து. கம்பெனிக்கு லாபம் அந்தப் படிகளில்தான் இருக்கிறது, அதனால்தான் முதல் படி இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

ஸ்டோரேஜுக்கு அங்கே தப்பிக்கும் வழி உண்டு. பின்பக்கம் மூன்று தண்டர்போல்ட் போர்ட் இருக்கின்றன. நல்ல வெளி எஸ்எஸ்டி ஒன்றைச் செருகி போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி எம்4 மாடலில் கழற்றக்கூடிய துண்டுதான். ஆனால் கடையில் விற்கும் என்விஎம்இ வகை அல்ல, ஆப்பிளின் சொந்த அமைப்பு. அதற்குப் பொருந்தும் துண்டுகளை வெளி ஆட்கள் விற்கிறார்கள். மாற்றியபின் சிஸ்டத்தை மீட்டு ஏற்ற இன்னொரு மேக் வேண்டும், வாரண்டி இருக்கும் வரை கைவைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. ராமுக்குத் தப்பிக்கும் வழி எதுவும் கிடையாது. இம்மாதிரிப் பெட்டி வாங்கும்போது இன்றைய தேவையைப் பார்க்காமல், அந்தப் பெட்டியை வைத்திருக்கப்போகும் கடைசி வருடத்தின் தேவையைப் பார்த்து ராம் வாங்க வேண்டும். ஐந்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் ஐந்தாம் வருடத்துக்கு. பிரவுசரில் இருபது பக்கம், வாட்ஸ்அப், ஒரு எக்செல், யூடியூப் என்று ஓட்டுபவருக்கு இன்று 16 ஜிபி தாராளம், ஐந்தாம் வருடத்திலும் சமாளிக்கலாம். வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கும், சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்கும் இன்றே அது நெருக்கடி.

பற்றவைப்பது வெறும் காசு பிடுங்கும் தந்திரம் என்று சொல்லிவிடவும் முடியாது. எம்4 ப்ராசஸர் ராமோடு நொடிக்கு 120 ஜிகாபைட் வேகத்தில் பேசுகிறது. ஸ்லாட்டில் இரண்டு டிடிஆர்5-5600 துண்டு செருகிய சாதாரணப் பெட்டியில் அது ஏட்டளவில் 89.6. இன்னும் நல்ல உதாரணம் ஃப்ரேம்வொர்க். எல்லாப் பாகத்தையும் வாங்கியவரே கழற்றி மாட்டலாம் என்பதையே கொள்கையாகச் சொல்லி லேப்டாப் விற்ற கம்பெனி அது. 2025 பிப்ரவரியில் அவர்கள் அறிவித்த சின்ன டெஸ்க்டாப்பில் ராமைப் பற்றவைத்துத்தான் கொடுத்தார்கள். அதில் இருக்கும் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் ப்ராசஸருக்கு வேண்டிய வேகத்தை ஸ்லாட் வழியாகக் கொடுக்க முடியுமா என்று ஏஎம்டியோடு சேர்ந்து முயன்றதாகவும், வழி பிறக்கவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களுக்கே அந்தக் கதி. ஆகவே ஒட்டிய ராமுக்குப் பதிலாக வேகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அது ஒரு வியாபாரம். என்100 மாதிரி சாதாரண ப்ராசஸருக்கு 8 ஜிபியை ஒட்டி விற்றால் உங்களுக்கு அதில் எந்த லாபமும் இல்லை. அதே ப்ராசஸர், கழற்றும் ராமோடும் விற்பனைக்கு இருக்கிறது. கொஞ்சம் தேடினால் போதும்.

என்100 பற்றி இரண்டு வரி. 2023-இல் இன்டெல் விட்ட நான்கு கோர் சிப், 6 வாட். கடை பில்லிங், டாலி, பள்ளிப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, டிவியோடு இணைத்துப் படம் பார்ப்பது இவற்றுக்குப் போதும். ராம் ஸ்லாட் ஒன்றுதான் இருக்கும், இன்டெல் கணக்கில் 16 ஜிபி உச்சம். 8 ஜிபி செருகி வந்தால் பிறகு 'சேர்க்க' முடியாது, அதைக் கழற்றி வைத்துவிட்டு 16 வாங்க வேண்டும். அந்த 8 ஜிபிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். அதனால் ராம், எஸ்எஸ்டி இல்லாமல் 'வெறும் பெட்டி'யாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு லிட்டர் ஆபீஸ் பெட்டிகள்

எனக்குக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சரியான பதில் இங்கேதான் இருக்கிறது. லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ என்று மூன்று குடும்பங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் வாங்கி, மூன்று நான்கு வருடம் ஓட்டி, மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவை துடைத்து, 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரோடு சந்தைக்கு வருகின்றன. கம்பெனிகளின் ஐடி ஆட்கள் சீக்கிரம் கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காக வடிவமைத்த பெட்டிகள் என்பதால் நமக்கும் அந்தச் சௌகரியம் வந்து சேர்கிறது.

லெனோவோ எம்720க்யூவை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்தது. 18 சென்டிமீட்டருக்குச் சற்று கூடக்குறைய நீள அகலம், மூன்றரை சென்டிமீட்டர் தடிமன். பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி மேல்மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் வந்துவிடும். ஒரு பக்கம் ஃபேனும் அதன் கீழே ப்ராசஸரும், இன்னொரு பக்கம் இரண்டரை இஞ்ச் டிஸ்க் வைக்கும் தட்டு. பெட்டியைக் கவிழ்த்து அடிமூடியை நகர்த்தினால் லேப்டாப் ராமுக்கான இரண்டு ஸ்லாட், பக்கத்தில் எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட். ராமின் இரு பக்கக் கொக்கியை விரல் நகத்தால் விலக்கினால் துண்டு தானாகச் சாய்ந்து எழும்பும். ப்ராசஸர் சாக்கெட்டில்தான் இருக்கிறது: ஐ5-8500டி மாதிரி 35 வாட் ரகம், ஆறு கோர்.

இப்படிப்பட்ட பெட்டியைக் கடையில் பார்க்கும்போது விலைச்சீட்டில் இல்லாத செலவுகளைத் தேட வேண்டும். அவை சின்னச் சின்னதாக இருக்கும், சேர்ந்தால் பெரிதாகும். முதலில் அந்த டிஸ்க் தட்டு: கழித்துக் கொடுக்கும் கம்பெனி ரகசியத்துக்காக டிஸ்க்கை உருவும்போது தட்டும் அதன் கேபிளும் சேர்ந்து போய்விடுவது சகஜம். பிறகு டிஸ்க் வாங்கினால் செருக இடம் இருக்கும், கேபிள் இருக்காது. அடுத்தது வைஃபை. அலுவலகத்தில் கேபிள் இணைப்பிலேயே ஓடியவை என்பதால் பல பெட்டிகளில் வைஃபை கார்டோ ஆன்டெனாவோ இருக்காது. யுஎஸ்பி வைஃபை துண்டு ஒன்றைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், ஆனால் கார்டு உள்ளே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்து, வீட்டு மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் அதற்கொரு கன்வெர்ட்டர்.

அடாப்டரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு உள்ளே எஸ்எம்பிஎஸ் கிடையாது, லேப்டாப் போல வெளி அடாப்டர். டெல் பெட்டிகள் தங்கள் அடாப்டரை நடு ஊசி வழியாக அடையாளம் காண்கின்றன. போலி அடாப்டரைச் செருகினால் 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டி ஓடும், ஆனால் நடக்கும் வேகத்தில். மெதுவாக இருக்கிறதே என்று நீங்கள் ராம் மேல் ராம் ஏற்றினாலும் தீராது. ஒரிஜினல் அடாப்டரா, எத்தனை வாட் என்பதை விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது பயாஸ் பாஸ்வேர்டு. பழைய கம்பெனி போட்ட பூட்டு நீக்கப்படாமல் வரும் பெட்டிகள் உண்டு. விண்டோஸ் ஓடும், எல்லாம் சரியாகத் தெரியும். புது எஸ்எஸ்டி போட்டு பூட் வரிசையை மாற்றப் போகும்போதுதான் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். கடையிலேயே பெட்டியை ஆன் செய்யச் சொல்லி, லெனோவோவில் எஃப்1, ஹெச்பியில் எஃப்10, டெல்லில் எஃப்2 அழுத்தி உள்ளே போய், ஏதாவது ஒன்றை மாற்றி சேவ் செய்ய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

தலைமுறை விஷயத்தில் ஒரு கோடு தெளிவாக இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை ஏற்பதில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் கண்ணைக் கவரும் விலையில் குவிந்துகிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அவை நல்ல வேட்டை. மற்றவர்கள் 8-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஐ5-7500டி என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள், 'ஐ5' என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

'பிறகு' என்பதற்கு என்ன விலை

இப்போது காசுக்கு வருவோம். கணக்குக்காக விலைகளை வைத்துக்கொள்வோம். நீங்கள் கடைக்குப் போகும் நாளின் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய 8 ஜிபி பெட்டி 18,000 ரூபாய். கழற்றும் 8 ஜிபி, ஒரு காலி ஸ்லாட், எம்.2 எஸ்எஸ்டி கொண்ட பெட்டி 22,000. திறந்திருப்பதற்கான கூலி 4,000. இரண்டாம் வருடம் இன்னொரு 8 ஜிபி சேர்க்க 3,000 என்றால் மொத்தம் 25,000. ஒட்டிய பெட்டி மூன்று வருடத்தில் மூச்சுவாங்கும், வருடத்துக்கு 6,000. திறந்த பெட்டி ஐந்து வருடம் தாங்கும், வருடத்துக்கு 5,000. திறந்தது ஜெயித்துவிட்டது என்று தோன்றும்.

ஆனால் அந்த ராமை நீங்கள் கடைசிவரை சேர்க்காமலே விட்டால்? அப்போது அதுவும் 8 ஜிபி பெட்டிதான். 22,000 போட்டு மூன்று வருடம். வருடத்துக்கு 7,300-க்கு மேல். பயன்படுத்தாத வசதிக்கு வாடகை கட்டியதாகும். ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இதற்கு முன் வைத்திருந்த கம்ப்யூட்டரில் ஏதாவது சேர்த்தீர்களா? இல்லை என்றால் இந்த முறையும் சேர்க்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவர் முதலிலேயே 16 ஜிபியாக வாங்கிவிட வேண்டும். ராம் திறந்ததா ஒட்டியதா என்பதற்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை. ஸ்டோரேஜ் திறந்திருப்பது மட்டும் அவருக்கும் அவசியம், ஏனென்றால் அது பழுதுக்கான காப்பு.

'பிறகு' என்பதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ராம் விலை காலப்போக்கில் இறங்கத்தான் செய்யும் என்பது நம்முடைய நெடுநாள் நம்பிக்கை. 2025-இன் கடைசி மாதங்கள் அதைக் கவிழ்த்துவிட்டன. ஏஐ டேட்டா சென்டர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் சில்லறை ராம் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கையும் தாண்டியது; எஸ்எஸ்டியும் கூடவே ஏறியது. 'குருஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்போதைக்கு 8, விலை இறங்கியதும் 16 என்று திட்டம் போட்டவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். பழைய ரக ராமுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. தயாரிப்பு நிற்க நிற்க அது அரிதாகி, விலை இறங்குவதற்குப் பதில் ஏறும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று நுழையாது. டிடிஆர்4 பெட்டிக்கு டிடிஆர்4-தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முறை: ராமை வாங்கும் அன்றே, அல்லது வாங்கிய சில மாதங்களுக்குள், வேண்டிய அளவுக்கு ஏற்றிவிடுவது. ஸ்லாட் திறந்திருப்பதன் லாபம் 'ஐந்து வருடம் கழித்துச் சேர்க்கலாம்' என்பதில் இல்லை. கம்பெனி சொல்லும் விலைக்குப் பதிலாகச் சந்தை விலைக்கு வாங்கலாம் என்பதில் இருக்கிறது. விலை எகிறிய நாளில் ரீஃபர்பிஷ்டு பெட்டியோடு ஏற்கெனவே செருகி வரும் 16 ஜிபி, தனி ராமைவிட மலிவாக விழுவதும் உண்டு. இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள்.

எப்படிச் செருகியிருக்கிறார்கள் என்பதும் காசுதான். 8 ஜிபி என்று எழுதி இரண்டு 4 ஜிபி துண்டு போட்டிருந்தால் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிவிட்டது. நாளை கூட்ட வேண்டுமானால் ஒன்றைக் கழற்றிப் போட வேண்டும். ஒற்றை 8 ஜிபி துண்டும் ஒரு காலி ஸ்லாட்டும் கேளுங்கள். மறுபுறம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தப் பெட்டிகளில் படம் காட்டும் வேலையும் ராமை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே மாதிரித் துண்டு இருந்தால் அது வேகமாக ஓடும். ஆகவே ஒற்றைத் துண்டு ஒரு இடைக்கால ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஆசைப்படுபவர்களுக்கு

சாக்கெட் திறந்திருக்க வேண்டும், நாளை ப்ராசஸரையும் மாற்றுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் ஓரளவு நம்பிக்கை தருகிறது. 2022-இல் வந்தது, குறைந்தது 2027 வரை அதற்குப் புது ப்ராசஸர் விடுவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎஸ்ராக்கின் டெஸ்க்மினி எக்ஸ்600 அந்தச் சாக்கெட்டை இரண்டு லிட்டருக்கும் குறைவான பெட்டிக்குள் வைக்கிறது. லேப்டாப் ராம் இரண்டு செருகலாம், வெளி அடாப்டர் 120 வாட். கிராபிக்ஸ் கார்டு செருக இடம் இல்லாததால் உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் உள்ள ரைசன்தான் போட வேண்டும். இதைவிடப் பெரிதாக, 17 சென்டிமீட்டர் சதுர மினி-ஐடிஎக்ஸ் போர்டு வாங்கிச் சொந்தமாக அசெம்பிள் செய்யலாம். போர்டு, சின்ன எஸ்எம்பிஎஸ், சின்ன கேபினட் எல்லாமே பெரிய அளவு உருப்படிகளைவிட விலை கூட. அழகுக்காகச் செய்கிறவர்கள் செய்யட்டும், கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது ஆகாது.

விளையாட்டுக்கு என்றால் சின்னப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நடுத்தர அளவு கேபினட்டில் அதே காசுக்கு அதிக வேகம் கிடைக்கும், சூடும் குறையும். இடம் கட்டாயம் குறைவு என்றால் டெல், ஹெச்பி ஆபீஸ் பெட்டிகளின் சற்றே பெரிய எஸ்எஃப்எஃப் ரகத்தைப் பாருங்கள். தாழ்வான உயரக் கார்டு ஒன்று செருகலாம். தனி மின்கம்பி கேட்காத ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு அந்த உயரத்திலும் வருகிறது. எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியின் தனி வடிவம், வெளியில் எளிதில் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் பற்றி விற்பவர்கள் ரொம்பப் பேசுவார்கள். பழைய பெரிய பெட்டியைவிட ஒரு லிட்டர் பெட்டி 30 வாட் குறைவாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 72 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 576 ரூபாய். நல்லதுதான், ஆனால் அதற்காகவே பெட்டி மாற்றத் தேவையில்லை. யூபிஎஸ்ஸில் கூடுதல் நேரம் நிற்பதுதான் கையில் தெரியும் லாபம்.

ஆன்லைனில் பெயர் தெரியாத சீன மினி பிசிகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பொருள் பெரும்பாலும் மோசமில்லை. சிக்கல் வேறு: லேப்டாப்களோடு மிகச் சிறிய ரகக் கம்ப்யூட்டர்களையும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 2023 ஆகஸ்டில் மத்திய அரசு சேர்த்தது. சொந்த உபயோகத்துக்கு ஒன்றே ஒன்று, வரி கட்டி, கூரியரில் வரவழைக்க விலக்கு உண்டு. வரவழைத்து, அது ஒரு வருடத்துக்குள் படுத்துவிட்டால் திருப்பி அனுப்பும் கூலியே வயிற்றைக் கலக்கும். பெரிய கம்பெனிகளும் இந்தச் சின்னப் பெட்டி வியாபாரத்தில் என்றைக்கும் நிற்பதில்லை. 2012-இல் இந்த அளவுப் பெட்டிகளை 'நக்' என்ற பெயரில் பிரபலமாக்கிய இன்டெல்லே 2023 ஜூலையில் நேரடியாகச் செய்வதை நிறுத்தி, ஏசூஸிடம் ஒப்படைத்தது. உள்ளூரில் பில் போட்டுக் கொடுக்கும் ஆளிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலானாலும் வாங்குவது மேல்.

வாங்கும் முன் ஒரு வேலை

எந்தப் பெட்டியானாலும் பணம் கொடுப்பதற்கு முந்தின இரவு அதன் மாடல் பெயரைப் போட்டு, கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள். லெனோவோ, ஹெச்பி, டெல் மூன்றும் தங்கள் ஆபீஸ் பெட்டிகளுக்கு இதை இலவசமாகவே தருகின்றன. எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், ராம் ஸ்லாட் எத்தனை, எம்.2 எந்த நீளம், எதையெல்லாம் வாடிக்கையாளரே மாற்றலாம் என்று படத்தோடு இருக்கும். விளம்பரத்தில் '32 ஜிபி வரை' என்று இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: 32 வரை நீங்கள் ஏற்றலாம் என்பது ஒன்று, 32 ஒட்டிய மாடலும் எங்களிடம் விற்பனைக்கு இருக்கிறது என்பது இன்னொன்று. மேனுவலில் ராம் கழற்றும் பக்கமே இல்லை என்றால் அது இரண்டாவது.

எம்.2 என்று போட்டிருந்தாலும் சாட்டாவா என்விஎம்இயா என்று பாருங்கள். வடிவம் ஒன்றேபோல இருக்கும், வேகம் ஆறேழு மடங்கு வித்தியாசப்படும். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ வேலை செய்யாது. நீளம் வழக்கமாக 80 மில்லிமீட்டர். சில மலிவுப் பெட்டிகளில் 42 மட்டும் பிடிக்கும், அந்த அளவில் தேர்வு குறைவு.

பில்லில் மாடல் எண், சீரியல் எண், ராம் '8 × 1' ஆ '4 × 2' ஆ, எஸ்எஸ்டி அளவு, வாரண்டி மாதம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டும் கடைகள் உண்டு. திறக்கலாம் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் அதையும் அதே பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த முதல் இரவே மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் ஏற்றி ராமைச் சோதிக்க விட்டுவிட்டுத் தூங்கலாம். மறுநாள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார்த்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். 'புது எஸ்எஸ்டி' என்று சொன்னது பத்தாயிரம் மணி நேரம் ஓடியதாக இருந்தால், மாற்றித் தருவதாகச் சொன்ன கெடு முடிவதற்குள் பெட்டியோடும் பில்லோடும் கடைக்குப் போங்கள்.